கடைசி சீட்டில் காஸாவுக்கு

பின் சீட்டு தூக்கிப் போடும் என்பது இந்தியாவில் பஸ் ஏறிய எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. இமாசலப் பிரதேசத்தில் மணாலியிலிருந்து ஸ்பிதி பள்ளத்தாக்கின் தலைமை ஊரான காஸாவுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால் கேட்கத் தோன்றும். தூரம் சுமார் 200 கிலோமீட்டர்தான். 2022 செப்டம்பரில் நான் போன பஸ்ஸுக்கு அதைக் கடக்கப் பதினோரு மணி நேரம் பிடித்தது. சைக்கிளின் வேகம்.

டிக்கெட் வாங்கத் தாமதமானதால் எனக்குக் கிடைத்தது கடைசி வரிசை. முன்னால் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் இருந்த நல்ல இருக்கைகளை ஸ்பிதிக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். குல்லு மருத்துவமனையில் பரிசோதனை முடித்துத் திரும்பும் ஒரு கர்ப்பிணிக்காகக் கண்டக்டர் நான்காவது வரிசையில் ஓர் இளைஞனை எழுப்பினார். ஏன் முதல் வரிசை இல்லை என்று கேட்டேன். "முன் சக்கரத்துக்கு மேலேயும் அடிக்கும் சார்ஜி. நடுவில்தான் அடி குறைவு" என்றார். எந்தப் பொறியியல் புத்தகமும் இதையேதான் சொல்லும். இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் இருப்பவர் ஊஞ்சல் பலகையின் மையத்தில் இருக்கிறார். பின் அச்சைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் இருப்பவர் ஏற்றக்கட்டையின் நுனியில் இருக்கிறார். சக்கரம் ஒரு பங்கு எழும்பினால் அவர் அதற்கும் மேல் எழும்புகிறார்.

விடிவதற்கு முன் ஒரு சோதனைச் சாவடியில் பஸ் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் பல் கிட்டியது போல் நடுங்கின. வண்டி நகர்ந்து வேகம் பிடித்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. நிற்கிற வண்டி நடுங்குகிறது, ஓடுகிற வண்டி அமைதியாகிறது. நிமிடத்துக்கு 700 சுற்று சுற்றும் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினில் வினாடிக்குச் சுமார் 23 முறை எரிபொருள் வெடிக்கிறது. அந்தக் கணக்கு கண்ணாடியின், தகரத்தின் இயல்பான துடிப்போடு ஒத்துப்போனால் அவை சேர்ந்து ஆடத் தொடங்கிவிடும். எஞ்சின் வேகமெடுத்ததும் ஒத்திசைவு கலைந்து விடுகிறது. வாகன அதிர்வின் பாதி ரகசியம் இந்த ஒத்துப்போவதில்தான் இருக்கிறது. மனித உடம்பும் இதற்கு விலக்கல்ல.

2020 அக்டோபர் 3ல் திறக்கப்பட்ட அடல் சுரங்கச் சாலையில் 9 கிலோமீட்டரும் பஸ் வழுக்கிக்கொண்டு போனது. ரோத்தாங் கணவாயின் கொண்டைஊசி வளைவுகள் இப்போது இந்த வழியில் இல்லை. அங்கே வாந்தி எடுத்த தலைமுறைகளுக்கு இது பெரிய விடுதலை. மெதுவாக, சில வினாடிகளுக்கு ஒருமுறை இப்படியும் அப்படியும் சாய்க்கிற ஆட்டம்தான் குமட்டலைக் கொண்டுவருகிறது. வேகமான குலுக்கலில் யாருக்கும் வாந்தி வருவதில்லை. அது வேறு இடத்தில் போய் அடிக்கிறது.

மொழிபெயர்ப்பில் 'வைப்ரேஷன்' என்று வரும் எல்லாவற்றையும் 'அதிர்வு' என்று எழுதிவிட்டு நகர்வது எங்கள் தொழிலின் வழக்கம். பேச்சுத் தமிழ் இவ்வளவு ஏழை அல்ல. ஆட்டம், குலுக்கல், உதறல், நடுக்கம் என்று மெதுவானதிலிருந்து வேகமானது வரை வரிசையாகவே அதில் சொற்கள் இருக்கின்றன. பொறியாளர்கள் ஹெர்ட்ஸில் அளப்பதைப் பாட்டிமார்கள் சொல்லால் அளந்திருக்கிறார்கள்.

கோக்சர் தாண்டி, கிராம்பூவில் ஸ்பிதி சாலை பிரிகிறது. சாலை என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு பக்கம் சந்திரா நதி, மறு பக்கம் பாறைச் சரிவு, நடுவில் நதியே கொண்டுவந்து போட்டது போன்ற உருண்டைக் கற்கள். பனி உருகி வரும் ஓடைகள் குறுக்கே பாய்கின்றன. சத்ருவிலிருந்து பாத்தல் வரை பஸ் நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

இங்கே குற்றவாளி சாலை மட்டுமல்ல. சக்கரத்துக்கும் நமக்கும் நடுவில் டயர், ஸ்பிரிங், சட்டம், இருக்கை என்று ஒரு சங்கிலி இருக்கிறது. நம் சாதாரண பஸ்களில் பெரும்பாலானவை லாரிச் சட்டத்தின் வழி வந்தவை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள்தான் ஸ்பிரிங். வட நாட்டு டிரைவர்கள் இதைக் கமானி என்கிறார்கள். முழுச் சுமையையும் தாங்க வேண்டும் என்பதால் இதை விறைப்பாகவே செய்கிறார்கள். ஆள் குறைந்தால் அது வளையாமல் அப்படியே உதைக்கும். பாதிக் கூட்டம் இறங்கிய பஸ் முன்பைவிட மோசமாகத் தூக்கிப் போடுவது இதனால்தான். இதோடு சமநிலை தப்பிய சக்கரம், தேய்ந்த ஷாக் அப்சார்பர், புரொப்பல்லர் ஷாஃப்டில் தளர்ந்த இணைப்பு எல்லாம் தங்கள் பங்கைச் சேர்க்கும்.

பாத்தல் தாபாவில் ராஜ்மாவும் சோறும். தட்டு அசையாமல் இருந்ததே பெரிய சுகமாக இருந்தது. டிரைவர் எதிரே உட்கார்ந்தார். ஐம்பதைத் தாண்டியவர், கண்டக்டர் அவரை 'உஸ்தாத்' என்றுதான் கூப்பிடுகிறார். சட்டைக்கு மேல் அகலமான இடுப்புப் பட்டை கட்டியிருந்தார். மருத்துவர் சொன்னாரா என்று கேட்டேன். "கமர் சொன்னது" என்றார். கமர் என்றால் இடுப்பு.

குன்சும் கணவாய் 4,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. வழக்கப்படி பஸ் அங்கே தேவி கோயிலைச் சுற்றி வந்தது. பிறகு லோசர். அதன்பின் பள்ளத்தாக்கு விரிகிறது. சில துண்டுகள் தார், சில துண்டுகள் ஜல்லி. ஜல்லித் துண்டுகளில் தகரக் கூரையின் வரிகள் போலக் குறுக்கே மேடும் பள்ளமும் ஒரே சீராக விழுந்திருக்கின்றன. யாரோ அளந்து வெட்டியது போல் இருக்கும்.

வெட்டியது சக்கரங்கள்தான். 2007ல் பிரான்ஸ், கனடா, பிரிட்டனைச் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள் மணல் பரப்பிய சுழல் மேடையில் ஒரு சிறு சக்கரத்தை உருட்டிப் பார்த்தார்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் வரிகள் தானாகவே விழுந்தன. சக்கரத்துக்குப் பதில் சாய்ந்த பலகையை இழுத்தாலும் விழுந்தன. அந்த வேகத்துக்குக் கீழே போனால் விழவில்லை. ஆனால் அந்த வேகம் ஊர்கிற வேகம். யாரும் அப்படிப் போகப் போவதில்லை.

வரிகளுக்கு இடையே 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 20 கிலோமீட்டரில் போகும் பஸ்ஸுக்கு வினாடிக்கு எட்டு அடி விழும். உட்கார்ந்திருக்கும் மனிதனின் முதுகெலும்பும் வயிறும் மேலும் கீழுமான அசைவுக்கு மிக அதிகமாக இசைந்து கொடுப்பது வினாடிக்கு நான்கிலிருந்து எட்டு வரைதான். ஜன்னல் கண்ணாடிக்கு நேர்ந்தது இப்போது நமக்கு நேர்கிறது. இருக்கை கொடுப்பதைவிட உடம்பு அதிகமாகக் குலுங்குகிறது. கண்டக்டர் ஏதோ கத்தினார். குரல் துண்டு துண்டாக வந்தது. மார்பும் வயிறும் ஆடும்போது மூச்சும் சேர்ந்து வெட்டுப்படுகிறது. வேகமாகப் போனால் சக்கரம் வரிகளின் முகட்டை மட்டும் தொட்டுப் பறக்கும், குலுக்கல் குறையும் என்பது பாலைவன டிரைவர்கள் அறிந்த தந்திரம். ஆனால் பாதி நேரம் தரையைத் தொடாத சக்கரத்துக்குப் பிடி இல்லை. ஒரு பக்கம் நதி இருக்கும்போது உஸ்தாத் அதைச் செய்வதில்லை. இடுப்பைக் கொடுத்து உயிரைக் காப்பாற்றுகிறார்.

என் பக்கத்தில் இருந்த மூதாட்டி பெரிய பள்ளம் வருவதை எப்படியோ அறிந்து, முன் கம்பியைப் பிடித்து அரை நிலையில் எழுந்துகொள்வார். "பேட்டா, முழங்காலில் வாங்கு. முதுகில் வாங்காதே" என்றார். வளைந்த முழங்கால் போல் நல்ல ஸ்பிரிங் எந்தத் தொழிற்சாலையிலும் வருவதில்லை. டிரைவர் அப்படி எழுந்திருக்க முடியாது. கால்கள் பெடலில், கைகள் நடுங்கும் ஸ்டியரிங்கில். அடி முழுவதும் இடுப்பெலும்பு வழியாக முதுகுத்தண்டுக்கு ஏறுகிறது.

முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவே மெத்தை போல் இருக்கும் வட்டுகளுக்குள் வளர்ந்த மனிதனுக்கு ரத்தக் குழாய்கள் கிடையாது. பக்கத்திலிருந்து ஊறி வரும் சத்தில்தான் அவை பிழைக்கின்றன. நாள் முழுக்க இடிபடும் வட்டு ஈரம் இழந்து சப்பையாகிறது. தாங்கிப் பிடிக்க வேண்டிய தசைகள் களைத்துப்போய், அடி விழுந்த பிறகு இறுகுகின்றன. பயணிக்கு இரண்டு நாள் ஓய்வில் சரியாகிவிடும். வாரத்தில் பல நாள், வருடத்தில் பல மாதம் இதையே செய்பவருக்குத் தேய்மானம் சேர்ந்துகொண்டே போகிறது.

உஸ்தாத் தன் இருக்கையில் ஒரு கம்பளியை நான்காக மடித்துப் போட்டிருக்கிறார். ஏறும்போது சுகமாக இருக்கும். ஆனால் மெத்தென்ற நுரை இருக்கைகள் வினாடிக்கு நான்கு துடிப்பை ஒட்டிய குலுக்கலைக் குறைப்பதில்லை, கூட்டுகின்றன. தனி ஸ்பிரிங்கும் அணைப்பானும் வைத்த டிரைவர் இருக்கை விலை உயர்ந்த பஸ்களில் உண்டு. ஒரு பஸ்ஸின் விலையில் அது பெரிய தொகை அல்ல.

ஐரோப்பிய ஒன்றியம் 2002ல் இதற்கு அளவே வைத்துவிட்டது. எட்டு மணி நேர வேலைக்குச் சராசரி முடுக்கம் 0.5ஐத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15ஐத் தாண்டவே கூடாது. ஜெர்மனியில் பல வருடம் இருக்கையில் குலுங்கியதால் வரும் இடுப்பு வட்டு நோய் 1993லிருந்து தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. நம் நாட்டில் டிரைவரின் முதுகுவலி அவருடைய வயதின் கணக்கில் எழுதப்படுகிறது.

காஸாவில் இறங்கியதும் கர்ப்பிணிப் பெண் சிறிது நேரம் கம்பியைப் பிடித்தபடியே நின்றார். இங்கே மருத்துவமனை இருக்கிறது. பெரிய பரிசோதனை என்றால் குல்லுவுக்கோ சிம்லாவுக்கோ போக வேண்டும். அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றார்.

நீண்ட குலுக்கலுக்குப் பின் உடனே கனம் தூக்கக் கூடாது என்பது இந்தத் துறையில் சொல்லப்படும் அறிவுரை. களைத்த தசை வட்டைக் காப்பாற்றாது. கண்டக்டர் கூரை மேல் ஏறி மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். கீழே நின்று வாங்கி வைத்தவர் உஸ்தாத். ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம் இருக்கிறது, அதற்குள் தார் போட்டுவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டே அடுத்த மூட்டைக்குக் கையை நீட்டினார். மறுநாள் காலை அதே பஸ் மணாலிக்குத் திரும்புகிறது. ஓட்டுவதும் அவர்தான்.