மணப்பாட்டுத் திருநாள் பந்தி

திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலை நோக்கிய மணற்குன்றின் மீது எழுந்து நிற்கிறது மணப்பாட்டுத் திருச்சிலுவை ஆலயம். 1542-ல் இக்கடற்கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கிச் செபித்த குகை, அக்குன்றின் கடலோரச் சரிவில் இன்றும் உள்ளது. செப்டம்பர் 14-ம் நாள் திருநாள். பிழைப்பை நாடி வெளியூர் சென்ற குடும்பங்கள் அன்று சொந்த ஊரில் ஒன்றுகூடுகின்றன.

திருப்பலி முடிந்ததும் வீடுதோறும் பந்தி. மீன் குழம்பின் மணம் தெருவை நிறைக்கும். அங்கேதான் ஒரு சிறு சோதனையும் காத்திருக்கிறது. அளவாக உண்ணும் மருமகளிடம், "பட்டணம் போனதும் எங்கள் சோறு ருசிக்கவில்லையோ?" என்பார்கள். மறுசோறு கேட்கும் மகளிடம், "உடம்பைப் பார்த்துக்கொள், அம்மா" என்பார்கள். இரண்டும் அன்பினால் எழும் சொற்களே. ஆயினும் இவற்றுக்கு அஞ்சி, மறுவருடம் திருநாளுக்கு வரவே தயங்குவோர் உண்டு.

பசியையும் நிறைவையும் உணரும் ஆற்றலை இறைவன் அவரவர் உடலிலேயே வைத்திருக்கிறார். வயிறு நிறைந்ததை மூளை உணரச் சற்று நேரம் பிடிக்கும். ஆதலால் நிதானமாக உண்போம். போதுமெனில், "குழம்பு அருமை அத்தை, வயிறு நிறைந்துவிட்டது" என்று முகமலர்ந்து சொல்வோம். பரிமாறுவோரும் ஒருமுறை கேட்டு அமைவார்களாக. உணவை முன்னிட்டு ஒருவரையொருவர் தீர்ப்பிடலாகாது என்று உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 14-ம் அதிகாரத்தில் புனித சின்னப்பர் அறிவுறுத்துகிறார். திருச்சிலுவையின் அடியில் கூடிய உறவுகளை ஒரு கைச் சோறு பிரிக்கலாகாது.