சோழர் காலத்தை நமக்குப் பிடிக்கவைத்தது யார்?

வரலாற்றில் ஈடுபாடுள்ள தமிழர் நான்கு பேர் சேர்ந்தால் பேச்சு சீக்கிரமே இரண்டு கேள்விகளுக்கு வந்துவிடும். உங்களுக்குப் பிடித்த காலம் எது? எந்தப் புத்தகத்தில் தொடங்கினீர்கள்? முதல் கேள்விக்குப் பெரும்பாலும் சோழர் காலம் என்ற பதில் வரும், இரண்டாவதற்குப் 'பொன்னியின் செல்வன்' என்று வரும். இரண்டையும் முடிச்சுப் போட்டு, கல்கிதான் நமக்குச் சோழரைப் பிடிக்கவைத்தார் என்று சொல்லிவிடுகிறோம். இந்த முடிவு என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. கல்கியின் எழுத்தில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் ஈராயிரம் ஆண்டு வரலாறு உள்ள ஒரு சமூகம் அதில் ஒரு நூற்றாண்டைப் பொறுக்கியெடுத்து அதிலேயே மனம் தங்கிவிடுவதற்கு ஒரு தொடர்கதை மட்டும் போதுமா? போதும் என்றால், அதே கை எழுதிய மற்றத் தொடர்கதைகளால் அது ஏன் முடியவில்லை? இந்த ஆசையின் வேரைத் தேடிப் போனதற்கு அந்த உறுத்தல்தான் காரணம்.

கதைகள் உண்டாக்கிய ஆசை என்றால் கதைகளில்தான் தடம் இருக்க வேண்டும் என்று முதலில் நாவல்களைப் பார்த்தேன். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படும் 'மோகனாங்கி' 1895இல் வந்தது. எழுதியவர் திருகோணமலைக்காரரான தி.த. சரவணமுத்துப் பிள்ளை. அவர் எடுத்துக்கொண்டது நாயக்கர் காலம்; திருச்சிராப்பள்ளிச் சொக்கநாத நாயக்கரும் தஞ்சை அரசகுமாரி மோகனாங்கியும் அதன் மாந்தர்கள். வரலாற்றுக் கதை எழுத உட்கார்ந்த முதல் தமிழருக்கு இராசராசன் நினைவுக்கு வரவில்லை என்பது எனக்குப் பெரிய செய்தியாகப் பட்டது. யோசித்துப் பார்த்தால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அப்போது படித்தவர்களை ஆட்கொண்டிருந்தவை உ.வே. சாமிநாதையர் ஒன்றன்பின் ஒன்றாக அச்சேற்றிக்கொண்டிருந்த நூல்கள்: 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு. பெருமைக்கு உரிய சோழன் என்றால் கரிகாலன்தான். தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றித் தலபுராணம் சொன்னதோ நோய் தீர்ந்த ஒரு சோழ அரசனின் கதை. கட்டியவன் பெயர் கோயிலின் அடித்தளக் கல்லிலேயே பொறித்திருந்தும் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அருகிப் போயிருந்தார்கள். 1886இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக வந்த ஹுல்ஷ் என்ற ஜெர்மானியர் தஞ்சைக் கல்வெட்டுகளை 1891 முதல் பகுதி பகுதியாக அச்சிட்ட பிறகே இராசராசன் தன் கோயிலோடு மறுபடி சேர்ந்தான்.

அடுத்து கல்கியையே அவருக்கு எதிராகச் சாட்சிக் கூண்டில் ஏற்றிப் பார்த்தேன். அவருடைய முதல் விருப்பமும் இராசராசன் காலம் இல்லை. 1941இல் தொடங்கிய 'பார்த்திபன் கனவு', 1944 முதல் 1946 வரை வந்த 'சிவகாமியின் சபதம்' இரண்டும் பல்லவர் உலகம். பொன்னியின் செல்வன் 1950இல்தான் தொடங்குகிறது. எழுதியவர் ஒருவரே, வந்த பத்திரிகையும் ஒன்றே, இடைவெளியும் பத்தாண்டுக்குள். சிவகாமிக்காகக் கண்ணீர் விட்டவர்களின் எண்ணிக்கை வந்தியத்தேவனோடு குதிரையேறியவர்களின் எண்ணிக்கைக்கு எளிதில் தோற்காது. ஆனாலும் பல்லவர் காலம் நம் ஆர்வலர்களின் வீடாகவில்லை. மாமல்லபுரத்துக்கு எல்லோரும் போகிறோம். நரசிம்மவர்மனின் ஆட்சியாண்டைப் பற்றிச் சண்டை போடுகிறவர் எத்தனை பேர்? அங்குள்ள படைப்புகள் எல்லாமே நரசிம்மவர்மனுக்குப் பின்வந்த இராசசிம்மன் செய்தவை என்று 1962இல் இரா. நாகசாமி எழுதியபோது எழுந்த விவாதம் அறிஞர்களுக்குள்ளேயே நின்றுவிட்டது. ஆக, காதலை மூட்டுவது கதாசிரியர் கையில் இருக்கலாம்; அது நிலைப்பதற்கு வேறு ஏதோ வேண்டியிருக்கிறது.

சிவகாமியின் சபதத்தை முடித்த வாசகர் மேலே படிக்க விரும்பினால் என்ன கிடைக்கும்? கூரம் செப்பேட்டில் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்று மூன்று போர்க்களப் பெயர்கள். வாதாபியில் சிதைந்த ஒரு பாறைக் கல்வெட்டு. பெரியபுராணத்தில் சிறுத்தொண்டர். சிவகாமி எங்கும் இல்லை. பொன்னியின் செல்வனை முடித்தவருக்கோ கதவுகள் திறந்துகொண்டே போகின்றன. தஞ்சைக் கோயிலில் இராசராசனின் தமக்கை குந்தவையின் கொடைகளைச் சொல்லும் கல்வெட்டு அவரை வல்லவரையர் வந்தியதேவரின் மனைவி என்று ஒரு தொடரில் குறிப்பிடுகிறது. ஐந்து பாகம் ஓடிய குதிரைவீரனுக்கு வரலாறு தந்த வித்து அந்த அளவுதான். அதே குந்தவை தன் தந்தைக்கும் தாய்க்கும் அந்தக் கோயிலில் படிமம் செய்து வைத்ததையும் படிக்கலாம். இன்னும் நகர்ந்தால் கோயிற்பணிக்கு அமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பட்டியல். எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, திருவாரூரா திருவையாறா, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் எழுதியிருக்கிறது. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு தெருவில் வீடு வீடாகப் பெயர் கேட்டுக்கொண்டு நடக்க முடிகிறது! வேறு எந்தத் தமிழ்க் காலமும் இவ்வளவு நெருக்கத்தில் நம்மை உள்ளே விட்டதில்லை.

ஆகவே கல்வெட்டுகளின் செறிவுதான் காரணம் என்று முடித்துவிடலாம் என நினைத்தபோது உடையார்குடி குறுக்கே வந்தது. இந்தத் தேடலில் என்னை அதிகம் நிறுத்திவைத்த சாட்சி காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலின் அந்தக் கல்வெட்டுதான். அது ஒரு கொலையைச் சொல்கிறது. பாண்டியன் தலை கொண்ட கரிகாலசோழன், அதாவது இராசராசனின் அண்ணன் ஆதித்தன், கொல்லப்பட்டான். கொன்ற துரோகிகள் சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் ஆகியோர். அவர்களின் பெயரைச் சொல்கிறது, உறவைச் சொல்கிறது, அவர்கள் நிலம் பறிமுதலானதையும் பிறகு கைமாறி அறத்துக்குப் போனதையும் சொல்கிறது. ஏன் கொன்றார்கள் என்று மட்டும் சொல்லவில்லை. எவ்வளவு கெஞ்சினாலும் அந்தக் கல் நிலக்கணக்கைத் தாண்டி வாய் திறக்காது. பட்டங்களையாவது பிடித்து இழுக்கலாம் என்றால் அவையும் எதிரெதிராக நிற்கின்றன. பஞ்சவன் என்ற பட்டம் பாண்டியத் தொடர்பைக் காட்டுகிறது, இருமுடிச்சோழன் என்பது சோழ அரசாங்கம் கொடுத்த சிறப்பு. இரண்டும் ஒரே குடும்பத்து உடன்பிறந்தார் பெயரில் இருக்கின்றன. அது இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு என்று கொள்கிறார்கள். அப்படியானால் நடுவில் உத்தமசோழன் ஆண்ட ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் அந்தக் குடும்பம் தண்டனையில்லாமல் இருந்ததா?

வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் இங்கேதான் உத்தமசோழன் மேல் சந்தேகத்தை வைத்தார். உத்தமன் அரசை விரும்பியவரை அருண்மொழி, அதாவது இராசராசன், ஒதுங்கி நின்றான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்வதை இந்தத் தாமதத்தோடு பொருத்திப் பார்த்தார். சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. பகைவனின் பெயரை யாரும் பிள்ளைக்கு வைக்கமாட்டார்கள். இராசராசனின் மகன் இராசேந்திரனுக்கோ உத்தமனுக்கு இருந்த மதுராந்தகன் என்ற பெயரே இருந்தது. பிற்காலத்தில் கல்வெட்டை மறுபடி படித்தவர்கள், அது பதிவு செய்வது நிலத்தின் விற்பனையையும் கொடையையும்தான், பறிமுதல் முன்பே நடந்திருக்கலாம் என்று வாதிட்டார்கள். இதை ஏற்றால் உத்தமனின் பழி அப்படியே கரைந்துபோகிறது. எனக்கு இந்தக் கடைசி வாதம் வலுவாகத் தோன்றுகிறது. நிலம் விற்ற ஆண்டு குற்றவாளி அகப்பட்ட ஆண்டாக இருக்கவேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. ஆனால் என் தேடலுக்கு யார் கொன்றார் என்பதைவிட வேறொன்று முக்கியமானது. செறிவான சான்றுகளின் நட்டநடுவில் ஒரே ஒரு பள்ளம். சுற்றிலும் எல்லாம் தெரிந்திருப்பதால்தான் அந்தத் தெரியாமை நம்மை அலைக்கழிக்கிறது. கல்கி இரவிதாசனையும் சோமனையும் கல்லிலிருந்து எடுத்துக் கதைக்குள் விட்டார். கொன்றவன் யார் என்பதை அவரும் மூட்டமாகவே வைத்தார். அந்தப் பள்ளத்தை அவர் மூடியிருந்தால் வாசகர்கள் நாவலோடு நின்றிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இதையும் தாண்டி ஒரு கண்ணி வேண்டியிருந்தது. கல்லில் இருப்பது வாசகர் கைக்கு வரவேண்டுமே. சாஸ்திரியாரின் சோழர் வரலாறு 1935இலும் 1937இலும் சென்னைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. இன்றும் அதைத் தாண்டிப் போக முடியாது, ஆனால் அது ஆங்கிலம். தொடர்கதை படித்துவிட்டு மேலே தேடிய ஆசிரியர், கணக்குப்பிள்ளை, இல்லத்தரசி ஆகியோருக்கு அது எட்டாது. பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திரம்' முதல் பகுதியை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது 1949இல், அதாவது பொன்னியின் செல்வன் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு. இரண்டாம் பகுதி 1951இல், தொடர் ஓடிக்கொண்டிருந்தபோது. அதற்கு முன்பே மா. இராசமாணிக்கனாரின் சோழர் வரலாறும் வந்திருந்தது. கும்பகோணத்தில் பள்ளித் தமிழாசிரியராக நெடுங்காலம் இருந்த பண்டாரத்தார், கல்வெட்டு மொழியை அடிக்குறிப்பில் காட்டி, மேலே தெளிந்த தமிழில் வாதத்தை நடத்துவார். படிப்பவர் அவரோடு உடன்படாமல் இருக்கவும் அந்த நடையே இடம் கொடுக்கும். அவர் பிறந்த ஊர் திருப்புறம்பயம் என்று தெரிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. சோழர் எழுச்சிக்கு வழிவிட்ட போர் நடந்த ஊர் அது. கல்கி தம் சதிகாரர்களைக் கூட்டியதும் அந்த ஊர்ப் பள்ளிப்படையில்தான். கதைக்காரர் ஆழ்வார்க்கடியானை ஒளித்துவைத்த மண்ணிலிருந்து வரலாற்றுக்காரர் வந்திருக்கிறார்.

இந்த விளக்கத்துக்குச் சொல்லக்கூடிய மறுப்புகளில் வலுவானது, பெருமைதான் காரணம் என்பது. கடாரம் வரை போன படை, வானுயர்ந்த கோயில், தோற்ற இனத்துக்கு வென்ற கதை. இதில் உண்மை உண்டு. 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்' படத்துக்குக் கூட்டம் சேர்த்ததில் அதற்குப் பங்கிருக்கும். ஆனால் பெருமையை முன்வைத்து அரசியல் நடத்தியவர்கள் முதலில் கையிலெடுத்தது சோழப் பேரரசை அன்று. சங்க காலத்தையும் சேரன் செங்குட்டுவனையும் கண்ணகியையும் எடுத்தார்கள். 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிக் கடற்கரையில் நின்ற சிலைகளைப் பார்த்தாலே தெரியும். கல்கியோ காங்கிரஸ்காரர். பெருமை மட்டுமே காலத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் இமயத்தில் வில் பொறித்தவர்கள் வென்றிருக்க வேண்டும். மேலும் ஆர்வலர்களின் பேச்சைக் கவனித்தால் கடாரம் அதில் வந்து போகும்; உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவது ஆதித்தன் கொலையையும் உத்தமன் மனத்தையும் பற்றித்தான். இன்னொரு மறுப்பு: நாயக்கர் காலத்துக்கும் சான்று குவிந்திருக்கிறதே? இருக்கிறது. அதில் முக்கியமான ஒரு பங்கு இயேசு சபைப் பாதிரிமார் கடிதங்கள். அவற்றை வைத்து சத்தியநாத ஐயர் 1924இல் எழுதிய மதுரை நாயக்கர் வரலாறும் ஆங்கிலம். அந்த அரசர்களின் தாய்மொழி தெலுங்கு என்ற விலகலும் சேர்ந்துகொண்டது. மோகனாங்கி திறந்த கதவுக்குப் பின்னால் தமிழில் படிக்க அப்போது எதுவும் காத்திருக்கவில்லை.

என் வாதம் சரியென்றால், சான்று நெருங்கி வந்து தமிழில் எட்டும்போது வேறொரு காலமும் இதே இடத்தைப் பிடிக்கவேண்டும். கீழடியில் அது நடந்துகொண்டிருக்கிறது. 2015இல் தோண்டத் தொடங்கிய பிறகு ஆர்வலர்களின் பேச்சு காவிரியிலிருந்து வைகைக்கு நகர்ந்திருக்கிறது. அங்கே அரசன் பெயர் எதுவும் கிடைக்கவில்லை. பானை ஓட்டில் ஆதன், குவிரன் என்று தன் பெயரைக் கீறிவைத்த மனிதர்கள்தான் கிடைத்திருக்கிறார்கள். கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று 2019 அறிக்கை சொன்ன காலக்கணிப்பைப் பற்றிய சண்டை உத்தமசோழன் சண்டையைவிடச் சூடாக நடக்கிறது. ஆனால் தளிச்சேரிப் பட்டியலில் இருப்பதுபோல், குவிரனின் வீடு எந்தச் சிறகில் இருந்தது என்ற விவரம் ஓட்டில் இருக்காது. பெயரைச் சுற்றித் தெரு இன்னும் எழவில்லை. அதற்கு முன் கதாசிரியர்கள் வந்துவிடுவார்கள். அகழாய்வு அறிக்கைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஐயத்தை ஐயமாகவே சொல்லி, ஒவ்வொரு ஓட்டையும் தமிழில் வாதாடும் ஒரு பெரிய நூலை எழுதப்போகிறவரைத்தான் நான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.