கொலரின் விறைப்பு

சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரையான கரையோரத் தையற்கடைகளில் பாடசாலைச் சட்டைக்குக் கொலர் வைக்கும் வேலையைக் கூர்ந்து பார்த்தபோது, கணினியில் ஆடை வடிவமைக்கும் மென்பொருள்கள் எங்கே தடுமாறுகின்றன என்பது எனக்குத் தெளிவானது. கொலருக்குள் வைக்கும் கன்வஸ் தனியே கையில் எடுத்தால் அப்படியொன்றும் விறைப்பானதல்ல. பசைப்பக்கத்தைத் துணியோடு சேர்த்து, இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் ஊன்றி ஊன்றி எடுத்து, சூடு ஆறும்வரை மேசையிலேயே மட்டமாக விட்டுவைக்கிறார்கள். ஆறுமுன் தூக்கினால், இளகிய பசை வளைந்தபடியே இறுகிப்போகும். விறைப்பு இந்தச் செய்கையில் பிறக்கிறது. மென்பொருளோ அதைப் பொருளுடனேயே வந்த ஓர் எண்ணாகக் கேட்கிறது. அந்த எண்ணைச் சரியாகச் சொல்லக்கூடியவர்கள் ஒட்டித் தைப்பவர்கள்தான். வடிவமைப்பு மேசையில் அவர்களுக்கு இடம் வேண்டும்.

திரையில் தெரியும் துணி, முக்கோணங்களாலான ஒரு வலை. நீட்சி, சரிவு, வளைவு ஆகியவற்றுக்குத் தனித்தனி எண்கள் உண்டு. விறைப்பு எண்ணைக் கூட்டக் கூட்ட வலைப் புள்ளிகள் அதிரத் தொடங்கும். கணக்கைச் சின்னஞ்சிறு நேரத்துண்டுகளாக நகர்த்த வேண்டிவரும். பராஃப், விட்கின் என்ற இருவர் 1998இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் தடையைப் பெருமளவு தளர்த்தியது. ஆனாலும் பலர் பயன்படுத்தும் குளோ மென்பொருளில் புள்ளிகளுக்கிடையே தொடக்க இடைவெளி 20 மில்லிமீற்றர். மூன்று சென்ரிமீற்றர் உயரமுள்ள கொலர்ப் பட்டியை அவ்வளவு பரும்படியான வலையால் எப்படி வளைத்துக் காட்ட முடியும்? இதைவிட ஆழமான சிக்கல் ஒன்றும் உண்டு. ஒரே தடிப்புள்ள இரு தாள்களைச் சும்மா அடுக்கினால் வளைவை எதிர்க்கும் வலு இரு மடங்கு. நழுவாதபடி ஒட்டினால், வலு தடிப்பின் மும்மடிக்கேற்ப உயர்வதால், எட்டு மடங்கு. நூலிழைகள் நழுவும் துணியில் இது முழுதாக வாய்க்காது. ஒட்டு எவ்வளவு பிடித்தது என்பதைப் பொறுத்து இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவே எங்கோ நிற்கும். அந்த நடுவிடம் சூடு, அழுத்தம், நேரம் மூன்றாலும் தீர்மானமாவது.

ஈரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். துணிகளைச் சோதிக்கும் சர்வதேச நியமம் 20 பாகை செல்சியஸ், 65 வீத ஈரப்பதன். புத்தளக் கரையில் அந்த வெப்பநிலை அரிது. பருத்தி ஈரத்தைக் குடித்தால் தளரும். இங்குள்ளவர்களுக்கு இது புதிய செய்தியல்ல: தென்னோலையை நடுநரம்பில் பிளந்து, நீரில் ஊறப்போட்டு, இளகிய பிறகே கிடுகு பின்னுகிறார்கள், காய்ந்ததும் அது கூரையில் விறைத்து நிற்கிறது. ஒரே ஓலைக்கு எந்த விறைப்பு எண்ணைக் கொடுப்பது?

“பார்வைக்குச் சரியாக இருந்தால் போதாதா? எண்ணை ஏற்றி இறக்கிப் படத்தைச் சரிசெய்யலாமே” என்று வடிவமைப்பாளர்கள் கேட்கலாம். விற்பனைப் படத்துக்கு அது போதும். மாதிரி ஆடைகளைத் தைத்து நாடு நாடாக அனுப்பும் செலவும் வீணும் இதனால் குறைகின்றன. அந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே கோப்பிலிருந்துதான் வெட்டு வடிவமும் வருகிறது. கொலர் மடிந்து விழ மேல்துண்டு கீழ்த்துண்டைவிடச் சில மில்லிமீற்றர் பெரிதாக இருக்க வேண்டும். விறைப்பும் தடிப்பும் கூடினால் அந்த மிகுதியும் கூட வேண்டும். திரை அதைக் குறைத்துச் சொன்னால், பொருந்தாத துண்டை இழுத்துப் பொருத்தும் பாடு மெஷினில் இருக்கும் பெண்ணுடையது. மணிக்கு இத்தனை துண்டு என்ற இலக்கு அவருக்காக இறங்குவதில்லை. 1992இல் தொடங்கிய இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் கிராமங்களுக்குத் தையல் வேலையைக் கொண்டுபோனது. வடிவமைப்பில் பங்கை அந்தப் பெண்களுக்குத் தரவில்லை. புதிய மென்பொருளும் அதே பிரிவினையைத் தொடர்வது எனக்கு ஏற்புடையதல்ல.

ஒவ்வொரு ஒட்டையும் அளப்பது செலவு என்ற மறுப்பும் நிற்காது. பியர்ஸ் என்பவர் 1930இல் விவரித்த சோதனைக்கு ஓர் அடிமட்டமும் 41.5 பாகை சரிவுள்ள மரக்கட்டையும் போதும். ஒட்டிய துணிப்பட்டியை விளிம்புக்கு வெளியே மெல்லத் தள்ளி, நுனி தாழ்ந்து சரிவுக்கோட்டைத் தொடும்போது வெளியே நீண்டிருக்கும் அளவில் பாதியைக் குறிக்க வேண்டும். நீளப்பாட்டுக்கு ஒன்று, குறுக்குக்கு ஒன்று, ஐந்து முறை துவைத்த பின் இன்னொன்று. பக்கத்திலேயே எந்தச் சூட்டில், எத்தனை செக்கன், எப்படி ஆறவைத்தது என்பதை ஒட்டியவரே எழுதட்டும். வடிவமைப்புக் கோப்பு அந்தத் தாளிலிருந்து தொடங்கலாம்.