மூணாவது பாட்டு

ஓசூர்,
ஞாயிறு காலை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. பனி இறங்கினதிலிருந்து அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் அதிகம். தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, வெயில் வரட்டும் என்று மொட்டை மாடியிலேயே உட்கார்ந்திருக்கிறாள். நீ அனுப்பின ஏழு நிமிட வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை ஷிப்ட் பஸ்ஸில். பாதி ஹாரன் சத்தம்தான் காதில் விழுந்தது. போனில் பதில் சொல்லலாம் என்றால் அம்மா பிடுங்கிக்கொண்டு, என்ன குழம்பு வைத்தாய் என்பதிலேயே அரைமணி ஓட்டிவிடுவாள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மூச்சுவிடாமல் ஆடுகிற டீம் நல்லதா, நேரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிதானமாக ஆடுகிற டீம் நல்லதா என்று உனக்கும் உன் ரூம்மேட்டுக்கும் சண்டை. அமெரிக்கா ஃபுட்பாலில் எனக்கு என்னடா தெரியும்? "நீ கபடி ஆடினவதானே, நீயே சொல்லு" என்று மாட்டிவிட்டாய்.

நான் புரிந்துகொண்டது சரியா பார். ஒரு தடவை பந்தை எடுத்துப்போய் விழுந்ததும் அவர்கள் வட்டமாகக் கூடி, அடுத்து என்ன என்று பேசிக்கொள்வார்கள். அடுத்ததைத் தொடங்க 40 நொடி. உங்கள் ஆரெகன் பல்கலைக்கழகத்தில் 2009-லிருந்து 2012 வரை கோச்சாக இருந்த சிப் கெல்லி, கூடிப் பேசுவதையே விட்டுவிட்டார். ஓரத்தில் படம் போட்ட பெரிய அட்டைகளைத் தூக்கிக் காட்டுவார்களாம். பசங்கள் நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிட்டு அடுத்ததை ஆரம்பித்துவிடுவார்கள். இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்குகிற எதிராளிக்கு ஆள் மாற்றக்கூட அவகாசம் கிடைக்காது. இது அநியாயம், தடுப்பவர்கள் ஆள் மாற்ற 10 நொடியாவது விட வேண்டும் என்று 2014-ல் ஒரு விதி கொண்டுவரப் பார்த்து, எதிர்ப்பு கிளம்பியதும் விட்டுவிட்டார்கள் என்றாய். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். வேகத்தைத் தாங்க முடியாதவன் விதியை மாற்றப் பார்ப்பது எல்லா ஊரிலும் உண்டு போல.

கபடியில் கூடிப் பேசவே நேரம் கிடையாது. ஒருத்தி பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்வருகிற ஒரு பாட்டு முடிந்தால் அடுத்த பாட்டு உடனே கிளம்ப வேண்டும். பேச்செல்லாம் கையில்தான். செயின் போட்டு நிற்கும்போது பக்கத்தில் இருப்பவள் சுண்டுவிரலை அழுத்தினால் ஒரு அர்த்தம், மணிக்கட்டை இழுத்தால் வேறு அர்த்தம். வாயால் சிக்னல் கொடுப்பது நம் ஊரில் எடுபடாது. தமிழில் கத்தினால் ஆனேக்கல் பெண்களுக்குப் புரியும். கன்னடத்தில் கத்தினால் எதிரே நிற்கிறவளுக்கு அதுதான் தாய்மொழி. தெலுங்கில் கத்தினால் பார்க்க வந்த பாட்டிகூடப் பதில் சொல்லுவாள். மூன்று பாஷை தெரிந்த ஊரில் ரகசியம் ஏது? உங்கள் ஆள் அட்டையைப் பிடித்ததன் காரணம் எனக்கு உடனே விளங்கிவிட்டது.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கபடியில் முறை மாறி மாறி வருகிறது. நான் எவ்வளவு வேகமாகப் பாடி முடித்தாலும் அடுத்தது அவள் பாட்டுதான். ஆகவே வேகத்தால் எனக்கு மட்டும் கூடுதல் வாய்ப்பு வராது. அவளுக்கும் அதே அளவு கூடும். அப்படியானால் வேகமாக ஆடி என்ன லாபம்? எதிராளி கால் ஊன்றி நிற்பதற்குள் உள்ளே போய்விடலாம். கோட்டைத் தாண்டின அடுத்த நொடியே கார்னர்காரி மேல் பாய்ந்தால், கவரில் இருப்பவள் முட்டிபோட்டு இறங்கியிருக்க மாட்டாள்.

வேகம் என்றால், 2017 கபடி லீக்கில் பாட்னாவின் பர்தீப் நர்வால் ஹரியானாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 34 பாயிண்ட் எடுத்தானே, நினைவிருக்கிறதா? பாட்னா 69, ஹரியானா 30. ஒரே பாட்டில் ஆறு பேரைத் தொட்டு, எதிரணி முழுக்க அவுட்டானதற்கான லோனாவையும் சேர்த்து 8 பாயிண்ட். உன் மாமா டீ டம்ளரைக் கீழே போட்டார். மறுபக்கம் நம் சேரலாதன் அண்ணா. 2016-ல் அதே பாட்னாவுக்குக் கேப்டனாக நின்று கோப்பை வாங்கியவர். வந்தவன் தானாகத் தப்பு செய்கிற வரைக்கும் கார்னரில் காத்திருப்பார். அவசரப்பட்டு அவர் கால் பிடித்து நான் அதிகம் பார்த்ததில்லை. நிதானத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அவரைப் பார்க்க வேண்டும்.

வீட்டில் இன்னும் அதே கதைதான். பொம்மசந்திராவில் வேலை பார்ப்பதால் உன் மாமா பெங்களூர் புல்ஸ் கட்சி. நானும் என் பாப்பாவும் தலைவாஸ். 2019 ஜனவரி ஃபைனலை அவர் இன்னும் விடவில்லை. இடைவேளையில் குஜராத்தை விட 7 பாயிண்ட் பின்னால் இருந்த புல்ஸை, பவன் செராவத் தனியாளாக 22 பாயிண்ட் எடுத்து 38-33 என்று கரையேற்றினான். அதே பவனை 2022-ல் நம்மவர்கள் 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்ததும் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி எங்களுக்கே வந்துவிட்டான் என்று ஆடினேன். முதல் ஆட்டத்திலேயே முட்டியில் அடிபட்டு வெளியே போய்விட்டான். மாமா அன்றைக்கு வாய் திறக்கவில்லை. அந்த நாகரிகம் உண்டு அவரிடம். ஆனால் பார், அந்த ஒருவனை நம்பி ஓடவிருந்த டீம், அவன் இல்லாமல் முதல்முறையாக அரையிறுதி வரைக்கும் போனது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். இதைச் சொல்ல எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

1997. கிருஷ்ணகிரி அப்போது தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. உனக்கு நாலு வயது, அம்மா இடுப்பில் உட்கார்ந்துகொண்டு ஐஸுக்கு அழுதுகொண்டிருந்தாய். நாங்கள் ஆடின கபடி ஃபைனலில் கடைசி 5 நிமிடம், நாங்கள் 6 பாயிண்ட் முன்னால். பி.டி. சார் ஓரத்திலிருந்து, "யாரும் உள்ளே போகாதீங்க, கோட்டைத் தாண்டிட்டு வந்துடுங்க, டைம் ஓட்டுங்க" என்றார். மூணாவது பாட்டில் பாயிண்ட் எடுக்காவிட்டால் அவுட் என்கிற விதியெல்லாம் அப்போது இல்லை. எத்தனை வெறும் பாட்டு வேண்டுமானாலும் பாடலாம். பாடினோம். அப்போது எங்களில் நாலு பேர்தான் உள்ளே. மூன்று பேர் வெளியே உட்கார்ந்திருந்தார்கள்.

அங்கேதான் சார் கோட்டைவிட்டார். நாங்கள் பாயிண்ட் எடுத்தால்தானே வெளியே உட்கார்ந்தவர்கள் உள்ளே வர முடியும்? வெறும் பாட்டாகப் பாடினதால் ஒருத்திகூடத் திரும்பி வரவில்லை. அவர்களுடைய உயரமான பெண் முதல் தடவை ஒருத்தியைத் தொட்டாள், அடுத்த தடவை இரண்டு பேரை. மிச்சம் நான் மட்டும். அந்தப் பெரிய மைதானத்தில் தனியாக நிற்பது எப்படி இருக்கும் தெரியுமா? கால் பக்கத்தில் இருந்த சுண்ணாம்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னையும் தொட்டுவிட்டாள். நாலு பேர், லோனா 2, சமம். கடைசிப் பாட்டில் இன்னொன்று. ஒரு பாயிண்டில் தோற்றோம். பஸ்ஸில் யாரும் பேசவில்லை. சார் மட்டும் "வேகம் பத்தல" என்றார்!

இத்தனை வருஷம் யோசித்ததில் எனக்குப் பட்டது இதுதான். நாங்கள் அன்றைக்கு மெதுவாக ஆடவில்லை, பயந்து ஆடினோம். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரியும். உன் ரூம்மேட் சொன்ன அந்த 2018 ஆட்டத்தையே எடுத்துக்கொள். ராணுவக் கல்லூரி டீம் ஓக்லஹோமாவுக்கு எதிராக 60 நிமிடத்தில் கிட்டத்தட்ட 45 நிமிடம் பந்தைத் தன் கையிலேயே வைத்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, பந்தை விடாமல், பெரிய டீமின் ஆட்டக்காரர்களை ஓரத்திலேயே உட்காரவைத்தது. கடைசியில் கூடுதல் நேரத்தில் 28-21 என்று தோற்றாலும், அது முதல் நிமிடத்திலிருந்தே அவர்கள் தேர்ந்தெடுத்த ஆட்டம். அங்கே மெதுவாக ஆடினால் எதிராளி வெளியே உட்காருகிறான். கபடியில் மெதுவாக ஆடினால் நம் ஆளே வெளியே உட்காருகிறாள். அதனால் உன் சண்டைக்கு ஒரே பதில் கிடையாது. முன்னணியில் இருக்கிறோமா என்பதைவிட, உள்ளே எத்தனை பேர் இருக்கிறோம் என்று எண்ணிப் பார்.

போன ஞாயிறு பாப்பா ஆடினதைச் சொல்லிவிடுகிறேன். பாகலூர் ரோட்டுப் பக்கம் மைதானம். செம்மண், காலையில் பனிக்கு இறுகிக் கிடந்தது. நாலு நிமிடம் மிச்சம், மூன்று பாயிண்ட் முன்னால், எங்கள் பக்கம் ஆறு பேர் உள்ளே. நான் முதலில் அதைத்தான் எண்ணினேன். இவர்கள் கோச்சும் அதே பழைய பாட்டுதான்: "டைம் ஓட்டு, டைம் ஓட்டு." பாப்பா முதல் பாட்டில் கோட்டோரமாகவே நடந்தாள். 28 நொடி. திரும்பிவிட்டாள். அடுத்த பாட்டையும் அப்படியேதான் தொடங்கினாள். இப்போதுதான் மூணாவது பாட்டு விதி வந்துவிட்டதே, அதனால் அடுத்ததில்தான் இவள் உள்ளே வருவாள் என்று எதிராளிகள் கையைத் தளர்த்தி நின்றார்கள். ஒருத்தி ஜடையை எடுத்துச் சொருகினாள். அவ்வளவுதான். 20-வது நொடி இருக்கும், பாப்பா இடது காலை நீட்டி அந்த ஜடைக்காரியின் பெருவிரலைத் தொட்டுவிட்டு, திரும்பி, கோட்டுக்குள் விழுந்தாள். முட்டி கிழிந்தது. ஜெயித்தது இரண்டு பாயிண்டில்.

கோச் கப்பைக் கையில் வைத்துக்கொண்டே அவளைத் திட்டினார், சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று. வீட்டுக்கு வந்து காயத்துக்கு மஞ்சள் வைக்கும்போது கேட்டேன், "ஏண்டி ரெண்டாவது பாட்டுலயே போன?" "அவங்க மூணாவதுக்குத்தானம்மா ரெடியா இருந்தாங்க" என்றாள்.

ஃபேக்டரி லைனில் எனக்கு ஒரு பீஸுக்கு 42 நொடி. கூடவும் முடியாது, குறையவும் முடியாது. பெல்ட்டுதான் முடிவு செய்யும். அதனாலோ என்னவோ, எப்போது ஓட வேண்டும், எப்போது நடக்க வேண்டும் என்று இந்தப் பொண்ணு தானே முடிவு செய்வதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மாமாவிடம் சொல்லிவிடாதே, கிண்டல் செய்வார்.

அடுத்த ஆட்டம் கெலமங்கலத்தில், பொங்கல் கழித்து. இங்கே வாங்குகிற முட்டிப் பட்டை இரண்டு தடவை துவைத்தால் தொளதொளவென்று ஆகிவிடுகிறது. அங்கே நல்லதாகக் கிடைத்தால் யாராவது வரும்போது ஒரு ஜோடி கொடுத்துவிடு. அளவு மீடியம். அம்மாவுக்கும் ஒன்று சேர்த்து அனுப்பு. வெட்கப்பட்டுக்கொண்டு அவளே கேட்கச் சொன்னாள்.

உன் அக்கா