தட்டுவடை செட்டும் அடுக்குச் சந்தகையும்

கோயமுத்தூர்க்காரங்ககிட்ட உங்க ஊர் ரோட்டுக்கடை ஐட்டம் எதுன்னு கேட்டா, யோசிக்காம காளான்னு சொல்லுவாங்க. (அதுல காளானை விட முட்டைக்கோசுதான் அதிகம்ங்கறது ஊரறிஞ்ச ரகசியம்.) நான் பொழைக்க வந்தது கோவையா இருந்தாலும் பொறந்து வளர்ந்தது சேலம். அதனால என் ஓட்டு எப்பவும் தட்டுவடை செட்டுக்குத்தான்.

தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். உள்ளங்கையை விடச் சின்னதா, மொறுமொறுன்னு ஒரு தட்டுவடை. அதுமேல பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி. துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம் ஒரு கை. மேல இன்னொரு தட்டுவடையை வெச்சு மூடினா முடிஞ்சது. வெள்ளைக்காரன் ரொட்டிக்கு நடுவுல வெச்சதை நாங்க தட்டுவடைக்கு நடுவுல வெச்சோம், அவ்வளவுதான். இதுலயே பூண்டு செட், மாங்கா செட், முறுக்கு செட், எல்லாத்தையும் உடைச்சுப் போட்டுக் கலக்குற நொறுக்கல்னு பெரிய குடும்பமே இருக்கு. கரூர்ப் பக்கம் போனா இதோட சொந்தக்காரங்களுக்குக் கரம்னு பேரு.

அம்மாபேட்டையில இருந்தப்ப சம்பள நாள்னா அப்பா கையில செட் பார்சல் இருக்கும். பார்சல் வீடு வர்றதுக்குள்ள தட்டுவடை நமுத்துடும். அதனால கொஞ்சம் பெரியவனானதும் என்னையே கடைக்குக் கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சாரு. அப்பாவும் நானும் அதிகம் பேசிக்கற ரகம் இல்லை. பேசினதெல்லாம் பெரும்பாலும் அந்தத் தள்ளுவண்டி முன்னாடி நின்னுட்டுத்தான்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அவருக்கு நெஞ்சுவலி வந்துது. ஒரு ஸ்டென்ட் வெச்சாங்க. எண்ணெயில பொரிச்சதைத் தொடாதீங்கன்னு டாக்டர் சொன்னதோட, ரெண்டு பேரையும் வடவள்ளிக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். அப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை. சாயங்காலம் நடக்கச் சொன்னா நடந்தாரு. ஒரு நாள் நானும் கூடப் போனேன். நேரா போற ரோட்டை விட்டுட்டு ஒரு சந்துல திரும்பி, சுத்திக்கிட்டுப் போனாரு. ஏம்ப்பான்னு கேட்டா பதில் இல்லை. திரும்பி வர்றப்ப நான் மட்டும் நேர் ரோட்டுல வந்து பார்த்தேன். முனையில ஒரு செட் வண்டி.

அன்னைக்கு ராத்திரி முடிவு பண்ணினேன், எண்ணெய் இல்லாத செட் செஞ்சே தீருவேன்னு. எஞ்சினியராச்சே, விட முடியுமா?

முதல் சோதனை: தட்டுவடை மாவை அவன்ல பேக் பண்ணினது. வந்தது தட்டுவடை இல்லை, ஓடு. கொதிக்கிற எண்ணெயில மாவு விழுந்ததும் உள்ள இருக்கற தண்ணி ஆவியாகிப் படபடன்னு வெளிய வருது. அது விட்டுட்டுப் போற ஓட்டைகள்தான் மொறுமொறுப்பு. காலியான இடத்துல எண்ணெய் குடியேறிடுது. அவன்ல அந்த வேகம் கிடையாது, மெதுவா காய்ஞ்சு இறுகிடுது. பிசையறப்ப ஊத்துற சூடான எண்ணெயையும் நான் புத்திசாலித்தனமா வெட்டியிருந்தேன். அப்பா ஒண்ணைக் கடிச்சுப் பார்த்துட்டு, பல்லைத் தடவிக்கிட்டே "பரவாயில்லப்பா"ன்னாரு.

ரெண்டாவது: சுட்ட அப்பளம். சட்னி பட்ட அரை நிமிஷத்துல சரண்டர்.

மூணாவதுதான் பெரிய காமெடி. வெளிநாட்டுக்காரங்க சாண்ட்விச்சுல இருக்கறதையெல்லாம் பாஸ்தாவோட அடுக்கி பேக் பண்ணி, கேசரோல்னு பேர் வெப்பாங்க. நம்ம ஊர்ல கேசரோல்னா சப்பாத்தி சூடு ஆறாம வைக்கிற டப்பா. நான் மக்ரோனி வேக வெச்சு, சட்னி, பீட்ரூட் எல்லாம் அடுக்கி, செய்முறையில சொன்ன மாதிரியே வெள்ளை சாஸும் சீஸும் போட்டு பேக் பண்ணினேன். ரோஸ் கலர்ல கொழகொழன்னு ஒண்ணு வந்துச்சு. அம்மா எட்டிப் பார்த்தாங்க.

"ஏங்கண்ணு, எண்ணெய வேண்டாம்னுட்டு வெண்ணெய ஊத்தி வெச்சிருக்கறயே?"

கணக்குப் போட்டுப் பார்த்தா அம்மா சொன்னது சரி. எண்ணெயோ வெண்ணெயோ, கொழுப்புன்னா கிராமுக்கு 9 கலோரிதான். இதயத்துக்குன்னு பார்த்தா வெண்ணெயும் சீஸும் நல்ல பேர் வாங்கினதும் இல்லை.

அம்மாவுக்குப் பொறந்த ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். "சேமியா மாட்ட நீளமாத்தான வேணும்? நம்மூட்டுலயே இருக்குதே"ன்னு சொல்லி, பரண்ல இருந்த சந்தகை மரத்தை இறக்கச் சொன்னாங்க. கொங்குப் பக்கம் ஒறம்பரை வந்தா சந்தகைதான். பாஸ்தா பாஸ்தான்னு நான் தேடினது தலைக்கு மேலயே தூங்கிட்டு இருந்திருக்கு!

செய்முறை, நாலு பேருக்கு:

1 டம்ளர் இட்லி அரிசியை 4 மணி நேரம் ஊற வெச்சு, உப்புப் போட்டுக் கெட்டியா, நைசா அரைக்கணும். உளுந்து வேண்டாம், புளிக்கவும் வேண்டாம். இட்லியா ஊத்தி வேக வெச்சு, சூடு ஆறறதுக்குள்ள பிழியணும். ஆறிட்டா மரம் நகராது, நம்ம தோள்பட்டைதான் நகரும்.

பச்சைச் சட்னிக்குக் கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய், கொஞ்சம் பொட்டுக்கடலை, எலுமிச்சை. சிவப்புக்கு வரமிளகாய், பூண்டு, தக்காளி மூணையும் தண்ணியில வேக வெச்சு அரைச்சா போதும், வதக்க வேண்டாம். பீட்ரூட் 1, கேரட் 2, பெரிய வெங்காயம் 1, எல்லாம் பச்சையா. காய்ல முன்கூட்டியே உப்புப் போடாதீங்க, தண்ணி விட்டுடும். முளைகட்டி வேக வெச்ச பாசிப்பயறு ரெண்டு கை.

கண்ணாடிக் கிண்ணத்துல சந்தகை, பச்சைச் சட்னி, காய், பயறு, சிவப்புச் சட்னி, மறுபடி சந்தகைன்னு அடுக்கி, கரண்டியால லேசா அமுக்கி, 10 நிமிஷம் விடுங்க. சட்னி இறங்கினதும் துண்டு போட்டு எடுக்கலாம். மேல தாளிக்க மொத்தம் 1 டீஸ்பூன் எண்ணெய், அதாவது சுமார் 45 கலோரி, நாலு பேருக்கும் சேர்த்து. கடைசியா கடையில வாங்கின தட்டுவடை ரெண்டே ரெண்டை நொறுக்கித் தூவணும். ஆளுக்கு அரை தட்டுவடை. ஒரு செட்டுக்கே ரெண்டு போற இடத்துல இது ரொம்பக் கம்மி.

ஒண்ணைச் சொல்லிடறேன். எண்ணெய் போச்சுன்னு சந்தகையை மலை மாதிரி குவிச்சா பிரயோஜனமில்லை. அதுவும் அரிசி மாவுதான். மாவுச்சத்து அளவுக்கு மீறினா ரத்தத்துல ட்ரைகிளிசரைடு ஏறும். தட்டுல பாதி காய், பயறு, மீதிதான் சந்தகை.

அப்பா பேசாம சாப்பிட்டாரு. இன்னொரு துண்டு கேட்டு வாங்கினாரு. நான் வாயையே பார்த்துட்டு இருந்தேன்.

"நல்லாருக்குப்பா. ஆனா இது செட்டு இல்ல."

எனக்கு முகம் சுருங்கிடுச்சு. கவனிச்சிருப்பார் போல.

"செட்டுன்னு சொல்லிக் குடுத்தா நாக்கு செட்டைத்தான் தேடும், கிடைக்காது. வேற பேர் வை. அப்புறம் பாரு, இதுக்கு என்ன குறைச்சல்?"

ஒரு மாசமா நான் செஞ்ச தப்பு அந்த ஒரு வரியில பிடிபட்டுச்சு. பத்தியம்ங்கற பேர்ல பிடிச்சதோட டூப்பை அவர் முன்னாடி வெச்சுட்டே இருந்திருக்கேன். ஒவ்வொரு டூப்பும் இழந்ததைத்தான் ஞாபகப்படுத்தியிருக்கும். அவரே பேரும் வெச்சாரு: அடுக்குச் சந்தகை. இப்ப எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமை ராத்திரி அதுதான். மரம் சுத்தறது நான், இட்லியை எடுத்துப் போடறது அப்பா. கை சும்மா இல்லாததால பேச்சும் தானா வருது.

போன செக்கப்புல, மாசத்துக்கு ஒரு தடவை ஒண்ணு ரெண்டு சாப்பிடலாமான்னு நானே டாக்டர்கிட்ட கேட்டேன். அளவா இருந்தா சரின்னாரு. அன்னைக்குச் சாயங்காலம் அப்பா சந்துல திரும்பலை. நேர் ரோட்டுலயே போனோம். ஒரு பிளேட் சொன்னாரு. ரெண்டை எடுத்துக்கிட்டு, தட்டை என் பக்கம் தள்ளினாரு.

மீதி அத்தனையும் நான்தான் தின்னேன். ஆபீஸ்ல எடுத்த என்னோட பிளட் டெஸ்ட் ரிப்போர்ட் அடுத்த வாரம் வருது. வேண்டிக்கோங்க மக்களே :-)