கை நோகாச் செய்தி

மக்கள் ஒருவர்க்கொருவர் செய்தி சொல்லிக்கொள்ளுதல் புதிதன்று. வாயாற் சொன்னதும், ஓலையில் எழுதியதும், அஞ்சலில் விடுத்ததும் போய், இன்று கைப்பேசியில் விரல் தொட்ட அளவிலே செய்தி கடல் கடந்து செல்கின்றது. வாட்ஸப், முகநூல், இன்ஸ்டாகிராம் என்னும் பெயர்களை அறியாதார் நம்முள் இலர். இவற்றின் நலத்தை யாமும் அறிவோம். 1-12-2024 அன்று பெருமழையால் எம் ஊராகிய திருவண்ணாமலையில், மலைச்சரிவின் மண்ணும் பாறையும் வ. உ. சி. நகரில் வீட்டின்மேல் விழுந்து எழுவர் மாண்டனர். அப்பொழுது வெளியூரில் இருந்த எம்மனோர் தம் சுற்றத்தாரின் நலத்தை விரைந்து அறிந்து ஆறுதலுற்றது இக்கருவியாலன்றோ? ஆதலின் கருவியைப் பழித்தல் எம் கருத்தன்று. அதனைக் கையாளும் முறையே எம்மை வருத்துகின்றது.

எம் சுற்றத்தார் குழுவொன்றில் நாற்பதின்மர்க்கு மேல் உளர். கோழி கூவுமுன்னரே மலர்ப்படங்களும் காலை வணக்கங்களும் வந்து குவியும். ஒருநாள் அக்குழுவில் முதியவர் ஒருவர் காலமான செய்தி வந்தது. அதன்கீழ் உடனே ஒரு நகைச்சுவைத் துணுக்கு; அதன்கீழ்ச் சர்க்கரை நோய்க்கு ஒரு மருந்து; அதன் பின்னரே இரண்டு இரங்கற்சொற்கள். துணுக்கை அனுப்பியவர் கல்நெஞ்சர் அல்லர். மேலே உள்ளதைப் படியாமல் அனுப்பினார், அவ்வளவே. இன்னும் சொல்லப்போனால், தாம் அனுப்பியதனையும் அவர் முழுதும் படித்திரார்.

கார்த்திகைத் தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு, 2,668 அடி உயர மலையின்மேல் தீபம் ஏற்றப்படும்பொழுது, முன்னாளில் தலைமேற் குவிந்த கைகளையே கண்டோம். இந்நாளில் தலைமேல் உயர்ந்த கைப்பேசிகளைக் காண்கின்றோம். சுடர் தோன்றிய மறுகணமே அதனைக் குழுக்களுக்கு அனுப்புதற்குப் பலரும் தலை குனிகின்றனர். கண்ணெதிரே உள்ளதைக் காணாது அனுப்புவோர் ஒருபுறம். தாம் காணாததனைக் கண்டாற்போல அனுப்புவோர் மற்றொருபுறம். முன்னது தமக்கே இழப்பு. பின்னதோ பிறர்க்குக் கேடு.

‘இவ்வியல்பு பண்டும் இருந்ததே’ என்பார்க்கு ஒன்று சொல்வோம். இக்கடிதத்தைப் படியெடுத்து இத்துணைப் பேர்க்கு அனுப்பினால் நன்மை விளையும், அனுப்பாவிடின் தீங்கு நேரும் என்னும் பெயரில்லாக் கடிதங்கள் நம் வீடுகளுக்கு வந்ததுண்டு. அஞ்சியவர் அஞ்சலட்டைகளைக் காசு கொடுத்து வாங்கி, ஒவ்வொன்றாகக் கை நோக எழுதி, முகவரி தேடிப் பெட்டியில் இடவேண்டும். மூன்றாவது அட்டை எழுதுமுன்னரே பலர்க்குத் தெளிவு பிறந்துவிடும். அக்கை நோவே அன்று பொய்க்கு வேலியாய் நின்றது. இன்று அவ்வேலி இல்லை.

வேலியில்லாமையால் விளைந்தது யாதென்பதை எம் மாவட்டமே கண்டது. 2018-ஆம் ஆண்டு வேனிலில், பிள்ளைகளைக் கடத்தும் வடநாட்டுக் கூட்டத்தார் வந்துள்ளனர் என்னும் பொய்ச்செய்தி வட மாவட்டங்களில் வாட்ஸப் வழியே ஊர் ஊராய்ப் பரவிற்று. அவ்வாண்டு மே மாதம் 9-ஆம் நாள், சென்னையினின்றும் மூதாட்டி ஒருவர் தம் சுற்றத்தாருடன் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்தார். திருவண்ணாமலையினின்று வேலூர் செல்லும் சாலையிலுள்ள போளூருக்கு அருகே, அத்திமூர்ப் பக்கத்தில் வழி கேட்க நின்றவர், அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அதுவே குற்றமாயிற்று. ஐயுற்றோர் கூடினர், கூட்டம் காரைத் துரத்திப் பிடித்து, வந்தோரை அடித்தது. மூதாட்டி உயிர் நீத்தார். உடன் வந்தோர் படுகாயமுற்றனர். அடித்ததனையும் சிலர் படம்பிடித்தனர், அப்படமும் பரவிற்று.

அன்பர்காள்! திருவண்ணாமலை வந்தாரை வரவேற்று வாழும் ஊர். முழுமதி நாள்தோறும் மக்கள் திரள் திரளாய் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடப்பர். அவர்தம் பெயரும் ஊரும் வினவாமலே எம்மூரார் மோரும் அன்னமும் அளிப்பர். கோயிலுக்கு வழி எது என்பது இம்மாவட்டத்தார் நெடுங்காலமாகக் கேட்டுப் பழகிய கேள்வி. அக்கேள்வியைக் கேட்டவர்க்கு அம்முடிவு நேர்ந்தது. அடித்தோர்மேற் சட்டம் பாய்ந்தது, பலர் கைதாயினர். ஆனால் அப்பொய்யை அனுப்பினோர் எத்துணைப் பேர்? அவருட் பெரும்பாலோர் எவர்க்கும் தீங்கு நினையாதவராகவே இருப்பர். ‘எமக்கு வந்தது, அனுப்பினோம்’ என்பர். பிள்ளைகளைக் காக்கும் அக்கறையால் அனுப்பினோம் என்பர். அக்கறை மெய்யே, ஆராயாமை அதனைக் கொலைக்குத் துணையாக்கிற்று.

அவ்வாண்டு நாட்டின் பல பகுதிகளிலும் இத்தகைய கொலைகள் நிகழ்ந்தன. அதன்பின், 2018 ஜூலையில், வாட்ஸப் நிறுவனத்தார் பிறரிடமிருந்து பெற்று அனுப்பிய செய்திக்கு ஒரு குறியிட்டனர். இந்தியாவில் ஒரு செய்தியை ஒருமுறைக்கு ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்பவொண்ணாதபடி வரையறுத்தனர். 2019 ஜனவரியில் அவ்வைந்தென்னும் வரம்பு உலகெங்கும் வந்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒருமுறைக்கு ஓரிடத்துக்கே அனுப்பலாம் என்றாயிற்று. பழைய அஞ்சலட்டையின் கை நோவைச் சிறிது மீட்டுத்தரும் முயற்சியே இஃது என்க. ஆயினும் ஒரு குழுவில் 1,024 பேர் சேர இடமிருக்க, தீங்கு செய்தற்கு ஓரிடமே போதுமன்றோ? ஆதலின் பிறர் இடும் வேலியை நம்பியிராது, நாமே நமக்கு வேலியிடுதல் வேண்டும்.

அதற்குப் புதிய நூல் வேண்டா. ஒரு நூலின் சிறப்புப் பாயிரத்தில் அறிவிக்க வேண்டியன எட்டு எனப் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்தார். அவற்றுள் முதலாவது ஆக்கியோன் பெயர். வந்த வழி, வழங்கும் எல்லை, கேட்போர், பயன் என்பனவும் அவற்றுள் அடங்கும். தேர்வுக்காக இவற்றை நெட்டுருச் செய்யும் நாம், கைப்பேசியை எடுத்தவுடன் மறந்துவிடுகின்றோம். இச்செய்தியை எழுதியவர் யார், அவர்க்கு இஃது எவ்வாறு தெரிந்தது, எவ்வூரில் எந்நாளில் நிகழ்ந்தது, இதனைக் கேட்போர்க்கு யாது பயன் என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை கிடையாச் செய்தியை நம்மோடு நிறுத்திவிடுவோமாக. வீட்டில் மூத்தோர் அத்தகைய செய்தியை அனுப்பப் புகின், அவரைச் சினவாது, அருகிருந்து அவ்வினாக்களைப் பணிவுடன் எடுத்துரைப்போமாக. பல வீடுகளில் அவர்க்குக் கைப்பேசியைக் கையாளக் கற்பித்தவர் நாமே. ஆதலின் இதனைக் கற்பித்தலும் நம் கடனேயாம்.

இனி ஒருநாள் போளூர்ச் சாலையில் அயலூரார் ஒருவர் காரை நிறுத்தி வழி கேட்பாராயின், கோயில் இருக்கும் திசை அவர்க்குக் காட்டப்படல் வேண்டும். அதன்பொருட்டு நாம் செய்யவேண்டுவது அரியதொன்றன்று; செய்தியை அனுப்பச் செல்லும் விரலைச் சற்று நிறுத்தி, அதனை ஒருமுறை முழுதும் படித்தலே.