ஆத்தங்கரை கள்ளு

சாயங்காலம் புதுச்சேரி செல்லிப்பட்டு படுகை அணைப் பக்கம் போயிருந்தேன்.
பிரெஞ்சுக்காரங்க காலத்து அணை. 2021 நவம்பர் வெள்ளத்துல உடைஞ்சுது.

சங்கராபரணி ஆத்தங்கரையில பனைமரங்களைப் பார்த்ததும் கள்ளுக்கடை ஞாபகம்தான் வந்துச்சு.

தமிழ்நாட்டுல 1987 ஜனவரி 1லேருந்து கள்ளுக்குத் தடை.
நம்ம புதுச்சேரியில இன்னமும் கள்ளுக்கடைகளைக் கலால் துறை ஏலம் விடுது.

காலையும் மாலையும் மரம் ஏறி, பாளை சீவி, கலயம் கட்டணும்.
கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவினா பதநீர். தடவலன்னா கள்ளு.
நாத்து நட்டவங்க, வண்டி ஓட்டினவங்க எல்லாரும் கூடி ஊர்க்கதை பேசின இடம் அந்தக் கடை.

குடியால அழிஞ்ச வீடும் உண்டு. அந்த வீட்டுப் பொம்பளைங்க பட்ட பாட்டையும் சேர்த்துத்தான் இந்த வரலாறு.

இப்ப மரம் ஏற ஆளு குறைஞ்சுபோச்சு.
உங்க ஊர்ல மரமேறிப் பெரியவர் யாராவது இருக்காங்களா?
இப்பவே போய்ப் பேசி, எழுதி வைங்களேன்.